நம் ஊர்த் திடலும் ஒரு நாள் மது உரிமமும்

காளஹஸ்தி நமக்கு நன்றாகத் தெரிந்த ஊர். கண்ணப்ப நாயனார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் அறிந்த ஊர். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது. தமிழில் அந்த ஆற்றைப் பொன்முகலி என்றும் சொல்வார்கள். முன்பு இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் மாதம் திருப்பதி மாவட்டம் புதிதாக உருவானது. அது முதல் காளஹஸ்தி அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது.

காளஹஸ்தி பக்கத்துக் கிராமங்களை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் ஒரு திடல் இருக்கும். பள்ளிக்கூடத் திடலாக இருக்கலாம். பஞ்சாயத்துப் பொட்டலாக இருக்கலாம். காலையில் அங்கே நெல் காயும், மிளகாய் காயும். மாலையில் பிள்ளைகள் கபடி விளையாடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். திடல் எல்லோருக்கும் பொது.

இப்போது ஒன்றை வைத்துக்கொள்வோம். அந்தத் திடலில் இரண்டு நாள் கபடிப் போட்டி நடக்கப் போகிறது. வெளியூர் அணிகள் வருகின்றன. இரவில் பாட்டும் ஆட்டமும் உண்டு. போட்டி நடத்துபவர்கள் திடலின் ஓரத்தில் ஒரு பந்தல் போட நினைக்கிறார்கள். அந்தப் பந்தலில் மது விற்க வேண்டும் என்கிறார்கள்.

"இரண்டு நாள்தானே? போனால் போகட்டும்" என்கிறார் ஒருவர்.

"எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடம். எங்களைக் கேட்க வேண்டாமா?" என்கிறார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? அனுமதி கொடுப்பது யார்? நம்மைக் கேட்பார்களா? கேட்காவிட்டால் நாம் என்ன செய்யலாம்? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

உரிமம் என்றால் என்ன?

மதுவை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் விற்க முடியாது. அதற்கு அரசின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு உரிமம் என்று பெயர். லைசென்ஸ் என்றும் சொல்கிறோம்.

உரிமத்தில் இரண்டு வகை உண்டு. கடைக்குக் கொடுப்பது ஒன்று. அது பல மாதங்களுக்கு, சில வேளை பல ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் கொடுப்பது இன்னொன்று. அது ஒரு நாளோ இரண்டு நாளோ செல்லும். அதைத்தான் தற்காலிக உரிமம் என்கிறோம்.

உரிமம் என்பது ஒரு காகிதம். அதில் நான்கு செய்திகள் இருக்கும். யாருக்குக் கொடுத்தார்கள்? எந்த இடத்துக்குக் கொடுத்தார்கள்? எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? என்னென்ன நிபந்தனைகள்? நிபந்தனை என்றால் கட்டாயம் நடக்க வேண்டிய ஏற்பாடு. உதாரணமாக, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. தற்காலிகப் பந்தலாக இருந்தாலும் இந்த விதி உண்டு.

படிக்கத் தெரிந்தவருக்கு இந்த நான்கு செய்திகளும் போதும். பந்தலில் நடப்பது சரியா தவறா என்று அவரே சொல்லிவிடலாம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

நம் நாட்டின் அரசியல் சட்டம் மதுவை மாநில அரசின் பொறுப்பில் விட்டிருக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. குஜராத்தில் 1960 முதல் மதுவிலக்கு இருக்கிறது. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் மது விற்பனை உண்டு.

அதே அரசியல் சட்டத்தில் 47-வது பிரிவு ஒன்று இருக்கிறது. மருந்துக்காக அல்லாமல் மது அருந்துவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று அது சொல்கிறது. இது அரசுக்குக் காட்டிய வழி. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இதைக் கட்டாயமாக்க முடியாது.

மது உரிமம் கொடுப்பது மாநில அரசின் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை. பழைய ஆட்கள் இதைக் கலால் என்றும் ஆப்காரி என்றும் சொல்வார்கள். பஞ்சாயத்து மது உரிமம் கொடுப்பதில்லை. நகராட்சியும் கொடுப்பதில்லை.

அப்படியானால் பஞ்சாயத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. திடல் யாருடையது என்று பாருங்கள். பஞ்சாயத்துத் திடல் என்றால் அதை வாடகைக்கு விடுவது பஞ்சாயத்து. "போட்டிக்குத் தருகிறோம். மது விற்கக் கூடாது" என்று சொல்லித் திடலைக் கொடுக்கலாம். நகராட்சித் திடல் என்றால் நகராட்சி சொல்லலாம். பள்ளித் திடல் என்றால் பள்ளியை நடத்துபவர்கள் சொல்லலாம். உரிமம் அரசின் கையில். இடம் ஊரின் கையில். இடம் கிடைக்காவிட்டால் பந்தல் எங்கே போடுவார்கள்?

பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வேறு அனுமதி வேண்டும். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வாங்க வேண்டும். 2000-ம் ஆண்டு மத்திய அரசு இதற்கு விதி செய்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது.

தமிழ்நாட்டில் 2023-ல் நடந்தது

பக்கத்து மாநிலமான தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி 2023-ல் பெரிதாக எழுந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் தமிழ்நாடு அரசு ஒரு விதியைத் திருத்தியது. திருமண மண்டபம், மாநாட்டுக் கூடம், விளையாட்டு மைதானம், வீட்டு விசேஷம் ஆகியவற்றில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று திருத்தம் சொன்னது. மாநகராட்சிக்கு ஒரு கட்டணம், நகராட்சிக்கு ஒரு கட்டணம், மற்ற இடங்களுக்கு ஒரு கட்டணம் என்றும் வகுத்தது.

இந்தச் செய்தி ஏப்ரல் 24-ம் தேதி மக்களிடம் பரவியது. கல்யாண வீட்டில் மதுவா என்று மக்கள் கொதித்தார்கள். எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. அரசின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. திருமண மண்டபங்களில் அனுமதி இல்லை என்று அன்றே அமைச்சர் அறிவித்தார். திருமண மண்டபமும் வீடும் விதியிலிருந்து நீக்கப்பட்டன. தேசிய, சர்வதேச மாநாடுகளும் விளையாட்டுப் போட்டிகளும் விதியில் இருந்தன.

பிறகு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஏப்ரல் மாதம் முடியும் முன்பே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதி திருத்தப்பட்டது மார்ச் மாதம். மக்களுக்குத் தெரிந்தது ஏப்ரல் கடைசியில். தெரிந்த அன்றே பாதி மாறியது. தெரியாமல் இருந்தவரை எதுவும் மாறவில்லை. அரசிதழில் அச்சாகும் ஒரு பக்கம் நம் வீட்டு வாசல் வரை வரும் என்பதற்கு இது சாட்சி.

வேறு நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் வேறு முறை. அங்கே மது உரிமம் பற்றி உள்ளூர் மன்றமே முடிவு செய்கிறது. நம் ஊர் நகராட்சி போன்றது அந்த மன்றம். 2003-ம் ஆண்டுச் சட்டம் இந்த அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது.

ஊர் விளையாட்டு மன்றம் ஒன்று ஒரு நாள் விழா நடத்துகிறது. அங்கே மது விற்க வேண்டுமானால் பொதுவாக 10 வேலை நாளுக்கு முன்பே மன்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடக் கூடாது. அந்தக் கடிதம் காவல்துறைக்கும் சுகாதார அலுவலருக்கும் போகும். அவர்கள் மூன்று வேலை நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். ஆட்சேபணை என்றால் "இது கூடாது" என்று காரணத்தோடு சொல்வது. ஆட்சேபணை வந்தால் மன்றம் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும். பிறகு முடிவு சொல்லும்.

மன்றம் எதைப் பார்த்து முடிவு செய்யும்? நான்கு விஷயங்களைப் பார்க்கும். குற்றமும் கலவரமும் நடக்காமல் இருக்குமா? மக்களுக்கு ஆபத்து வராமல் இருக்குமா? அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாமல் இருக்குமா? குழந்தைகளுக்குத் தீங்கு வராமல் இருக்குமா?

எளிய கேள்விகள். நம் ஊர்த் திடலுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

விளையாட்டுக்கு மது வேண்டியதே இல்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022-ல் கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. போட்டி தொடங்க இரண்டு நாள் இருந்தது. மைதானங்களைச் சுற்றிப் பொதுமக்களுக்குப் பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். போட்டிகள் நடந்தன. மைதானங்கள் நிறைந்தன.

நம் நாட்டிலேயே பாருங்கள். 2023 நவம்பர் 19-ல் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டி அகமதாபாத்தில் நடந்தது. அந்த மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உட்காரலாம். அது மதுவிலக்கு உள்ள குஜராத்தில் இருக்கிறது. மது இல்லை என்று யாரும் ஆட்டத்தைப் பார்க்காமல் போகவில்லை.

மறு பக்கமும் ஒரு நியாயம் சொல்வார்கள். உரிமம் கொடுத்தால் அரசுக்கு வருமானம் வரும். கணக்கில்லாமல் மறைவில் விற்பதைவிட நிபந்தனையோடு விற்பது நல்லது. இப்படிச் சொல்பவர்களும் உண்டு. இதையும் கேட்டுக்கொள்வோம். பிறகு நம் ஊருக்கு எது நல்லது என்று நாமே எடை போட்டுப் பார்ப்போம்.

இரண்டு நாள்தானே?

இரண்டு நாளில் என்ன வந்துவிடும்? கணக்குப் பார்ப்போம்.

பந்தல் இருக்கும் இடத்துக்குப் பெண்கள் வரத் தயங்குவார்கள். மகளின் ஆட்டத்தைப் பார்க்கத் தாய் வர மாட்டார். சில வீட்டில் மகளையே அனுப்ப மாட்டார்கள். பயிற்சி எடுத்த பெண் ஆடாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

அன்றைய கூலி அன்றே பந்தலுக்குப் போகும். போட்டி முடிந்த மறுநாள் திடலில் கண்ணாடிச் சில்லுகள் கிடக்கும். அதில் ஓடுவது வெறுங்காலோடு வரும் பிள்ளைகள்.

இன்னொன்றும் உண்டு. "போன வருஷம் கொடுத்தீர்கள். இந்த வருஷம் ஏன் கிடையாது?" என்று அடுத்த முறை கேட்பார்கள். இரண்டு நாள் உரிமம் இப்படித்தான் வழக்கமாகும்.

தூபகுண்டாவில் என்ன நடந்தது?

காளஹஸ்திக்கு வடக்கே நெல்லூர் மாவட்டம். அங்கே தூபகுண்டா என்று ஒரு கிராமம். இந்தக் கிராமத்தின் பெயர் நாடு முழுவதும் பரவியது. காரணம், எழுத்தறிவு வகுப்பு.

நாட்டில் 1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் இரவு வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் வயலில் வேலை செய்த பெண்கள் இரவில் பலகையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் படித்த பாடநூலில் ஒரு கதை வந்தது. பெண்கள் ஒன்று சேர்ந்து ஊரில் இருந்த சாராயக் கடையை மூடவைத்த கதை.

அந்தக் காலத்தில் ஆந்திரக் கிராமங்களில் சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். வீட்டு வாசலிலேயே கிடைத்தது. கூலிப் பணம் அதில் கரைந்தது. பாடத்தைப் படித்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். "கதையில் நடந்தது நம் ஊரில் நடக்காதா?"

நடந்தது. தூபகுண்டாப் பெண்கள் சாராயம் ஊருக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ரோசம்மா. ஊர்ப் பெயரைச் சேர்த்து அவரைத் தூபகுண்டா ரோசம்மா என்றே மக்கள் அழைத்தார்கள். 1992-ல் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. சித்தூர் மாவட்டத்துக்கும் வந்தது. சாராயக் கடை ஏலம் நடக்கும் இடத்துக்கே பெண்கள் திரண்டு போனார்கள். ஏலம் தள்ளித் தள்ளிப் போனது.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் தடை வந்தது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கையே கொண்டுவந்தது. 1997-ல் அந்த மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மதுக் கடைகள் திரும்பி வந்தன.

மதுவிலக்கு நிலைக்கவில்லை. ஆனாலும் ஓர் உண்மை தெரிந்தது. புதிதாக எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் ஒன்று சேர்ந்தால் அரசு காது கொடுத்தே ஆக வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், தெரிந்துகொள்ளுங்கள். போட்டி அறிவிப்பு வந்ததும் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். திடலை யாருக்கு விட்டார்கள்? என்ன நிபந்தனை போட்டார்கள்? மது விற்க யாராவது கேட்டிருக்கிறார்களா?

இரண்டாவது, கிராம சபையில் பேசுங்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். "ஊர்த் திடலை மது விற்கக் கொடுப்பதில்லை" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் அரசின் உரிமத்தைத் தடுத்துவிட முடியாது. ஆனால் பஞ்சாயத்துத் தலைவருக்கும் அதிகாரிக்கும் ஊரின் மனம் எழுத்தில் தெரியும். பழங்குடி மக்களுக்கென்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் நிலை வேறு. 1996-ம் ஆண்டுச் சட்டம் அங்கே மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கச் சொல்கிறது. காளஹஸ்திப் பகுதிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

காளஹஸ்தி நகரம் நகராட்சி. அங்கே கிராம சபை இல்லை. நகரத்தில் இருப்பவர்கள் நகராட்சி ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.

மூன்றாவது, மனு எழுதுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்களிடம் மனு வாங்குவார்கள். ஆந்திரத்தில் மனுவைத் தெலுங்கில் எழுதினால் வேலை விரைவாக நடக்கும். எழுத வராவிட்டால் தெரிந்தவரை எழுதச் சொல்லுங்கள். ஆனால் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மனு கொடுத்ததும் ரசீது வாங்க மறக்காதீர்கள்.

நான்காவது, தகவல் கேளுங்கள். 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு உதவும். ஆந்திரத்தில் கிராம அலுவலகத்தில் கேட்கக் கட்டணம் இல்லை. மண்டல அலுவலகத்தில் 5 ரூபாய். அதற்கு மேலுள்ள அலுவலகங்களில் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அடுத்த வாரம் நடக்கும் போட்டிக்கு இது உதவாது. போன வருஷம் யாருக்கு, என்ன நிபந்தனையோடு உரிமம் கொடுத்தார்கள் என்று அறிய உதவும்.

ஐந்தாவது, உரிமம் கொடுத்துவிட்டால் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரம் தாண்டி விற்றாலோ, சிறுவர்களுக்கு விற்றாலோ 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து காவல்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம்.

மாதிரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பதி மாவட்டம்.

ஐயா / அம்மா,

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் திடலில் ........ தேதி கபடிப் போட்டி நடக்கிறது. அங்கே மது விற்க அனுமதி கேட்டிருப்பதாக அறிகிறோம். திடலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெண்களும் சிறுவர்களும் போட்டியில் ஆடுகிறார்கள். எங்கள் கிராம சபை ........ தேதி இதற்கு எதிராகத் தீர்மானம் போட்டுள்ளது. நகலை இணைத்துள்ளோம். ஆகவே மது விற்க உரிமம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். போட்டி நன்றாக நடக்க எங்கள் ஒத்துழைப்பு உண்டு.

இப்படிக்கு,
ஊர் மக்கள் (பெயர், கையெழுத்து)

மனுவின் கடைசி வரியைக் கவனித்தீர்களா? நாம் போட்டிக்கு எதிரி இல்லை. பிள்ளைகள் ஆட வேண்டும். ஊர் கூடிப் பார்க்க வேண்டும். தாய்மார்களும் பயமில்லாமல் முன் வரிசையில் உட்கார வேண்டும். நாம் கேட்பது அதற்காகத்தான்.

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊர்த் திடல் யாருக்குச் சொந்தம்? யாரைக் கேட்டால் தெரியும்?

2. தற்காலிக உரிமத்தில் இருக்கும் நான்கு செய்திகள் எவை?

3. இங்கிலாந்தில் உள்ளூர் மன்றம் பார்க்கும் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு ஐந்தாவதாக எதைச் சேர்ப்பீர்கள்?

4. கடைசியாக நடந்த கிராம சபைக்கு நீங்கள் போனீர்களா? அடுத்த முறை உங்களோடு யாரை அழைத்துப் போவீர்கள்?

5. மேலே உள்ள மாதிரி மனுவை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றி உங்கள் கையால் எழுதிப் பாருங்கள்.